நத்தைப் பந்தயம் நடந்த ஊர்

பயணம் புறப்படுகிறவன் தேடிச் செல்வது ஒன்று. கண்டு திரும்புவது பிறிதொன்று. சென்ற ஆண்டு கோடையில் லூர்து மாதாவின் திருத்தலத்தைத் தரிசிக்கும் பேறு எனக்குக் கிட்டியது. தரிசனம் முடிந்த பின்னர் நான்கைந்து நாட்கள் கையில் எஞ்சின. என்னோடு குருமடத்தில் பயின்ற அருட்தந்தை ஒருவர் பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில், நீஸ் நகருக்கு அருகே, பங்குப்பணி ஆற்றி வருகிறார். அவருடைய அன்பான அழைப்பை ஏற்று அங்குச் சென்றேன். மத்தியதரைக் கடலின் நீலத்தையும், வான்ஸ் என்னும் சிற்றூரில் ஓவியர் ஆன்றி மத்தீஸ் அமைத்த சிற்றாலயத்தையும் கண்டு வரவேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் ஊர் திரும்புகையில் என் நெஞ்சை நிறைத்திருந்தது கடலுமன்று, ஆலயமுமன்று. நூறாண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் சிறுவர்கள் நடத்திய நத்தைப் பந்தயம்!

நகைக்காதீர்கள், அன்பர்களே. நம் பிள்ளைகளின் கையில் இன்று கைப்பேசியும் கணினியும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு படம் பிடிக்கவும், குரல் பதியவும், கதை சொல்லவும் பல பள்ளிகளில் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறோம். இக்கல்வி நேற்று முளைத்ததன்று. கருவி எதுவாயினும், குழந்தை தன் வாழ்வைத் தானே எடுத்துரைக்க வேண்டும் என்ற எண்ணத்திற்கு வேர்கள் பல உண்டு. அவற்றுள் ஆழமான ஒன்றை அந்த மலைச்சரிவுகளில் கண்டேன். கண்டதோடு, என் குற்றம் ஒன்றையும் அங்கே உணர்ந்தேன். இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வெண்சுவரும் கருங்கோடும்

நீஸ் நகரிலிருந்து வான்ஸ் செல்லும் பேருந்து கடற்கரையை விட்டு விலகி, குன்றுகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒலிவ மரங்கள், சைப்பிரஸ் மரங்கள், அவற்றின் பின்னே ‘பாவு’ என்று அவ்வூரார் அழைக்கும் வெள்ளைப் பாறை முகடுகள். பழைய வான்ஸ் ஒரு மதில் சூழ்ந்த ஊர். அதன் பழம்பெரும் மறைமாவட்டக் கோவிலில் திருமுழுக்குத் தொட்டிக்கு அருகே, நீரினின்று காப்பாற்றப்பட்ட மோசேயின் காட்சியை ஓவியர் மார்க் ஷகால் 1979-இல் வண்ணக் கற்பதிப்பாக அமைத்திருக்கிறார்.

ஊருக்குச் சற்று அப்பால் இருக்கிறது செபமாலை ஆலயம். 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான மத்தீஸுக்குப் பணிவிடை செய்ய வந்த மோனிக் பூர்ஷ்வா என்ற இளம்பெண், பின்னாளில் தொமினிக்கன் சபையிற் சேர்ந்து அருட்சகோதரி ழாக்-மரி ஆனார். அவருடைய சபைச் சகோதரிகளுக்காக மத்தீஸ் தம் முதுமையில், 1948 முதல் உழைத்து, இவ்வாலயத்தை உருவாக்கினார். 1951 ஜூன் 25-ஆம் நாள் அது அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால் வெள்ளை ஓடு பதித்த சுவர். அதன்மேல் கருங்கோடுகள் மட்டும். புனித தொமினிக்கின் முகத்தில் கண்ணுமில்லை, வாயுமில்லை. மறுபுறம் மஞ்சள், பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியே கதிரவன் வண்ணத்தைக் கொட்டுகிறான். நிற்கவும் நடக்கவும் வலுவற்ற நாட்களில், நீண்ட மூங்கிற் கழியின் நுனியிற் கரித்துண்டைக் கட்டி அம்முதியவர் இவ்வுருவங்களுக்குப் பயிற்சி செய்தார் என்பதை அறிந்தபோது நெஞ்சம் நெகிழ்ந்தது.

“இதை ஒரு குழந்தைகூட வரைந்துவிடுமே!” என்று வாய்தவறிச் சொன்னேன். என் தோழர் சிரித்தார்.

“நீ சொல்வது வசையா, வாழ்த்தா? குழந்தை வரைந்தால் நாம் பார்ப்போமா? குழந்தை எழுதினால் படிப்போமா? நீ பள்ளித் தாளாளர் ஆயிற்றே! இதே ஊரில் இன்னொன்று இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுப் போ. ஆனால் அந்தக் கதை இங்கே தொடங்கவில்லை. நாளைக்கு உன்னை அது தொடங்கிய இடத்திற்கு அழைத்துச் செல்கிறேன்.”

மூச்சு இரைத்த ஆசிரியர்

மறுநாட் காலை அவருடைய சிறு காரிற் புறப்பட்டோம். வான்ஸிலிருந்து மேற்கே மலையோரமாகச் செல்லும் பாதை, லூ என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கி வளைந்து செல்கிறது. ஆற்றுக்கு மேலே குன்றின்மீது ஒட்டிக்கொண்டு நிற்கிறது பார்-சுர்-லூ என்ற கிராமம். கசப்பு ஆரஞ்சு மரங்களுக்குப் பேர் பெற்ற ஊர். அதன் பூக்கள் அருகிலுள்ள கிராஸ் நகரின் வாசனைத் தைல ஆலைகளுக்குச் சென்றன. அங்குள்ள புனித யாகப்பர் ஆலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியப் பலகை ஒன்று உண்டு. ஆடிக் களிக்கும் மாந்தரைச் சாவு அம்பெய்து வீழ்த்துகிறது. கீழே அந்நாட்டு மொழியிற் செய்யுள். எழுத்தறியாத மக்களுக்குப் படமும் சொல்லும் சேர்த்துக் கதை சொன்ன அக்காலத்துக் கலை அது.

இவ்வூரின் பள்ளிக்கு 1920-ஆம் ஆண்டு தொடக்கத்தில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற இருபத்துமூன்று வயது இளைஞர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். 1896-இல் இதே மலைப்பகுதியில் கார்ஸ் என்ற குக்கிராமத்திற் பிறந்தவர். முதல் உலகப் போரில் 1917-ஆம் ஆண்டு மார்பிற் குண்டு பாய்ந்து, நுரையீரல் பழுதுபட்டவர். சற்று நேரம் உரத்துப் பேசினால் மூச்சு இரைக்கும். வகுப்பிலோ குறும்பும் கூச்சலுமாகப் பிள்ளைகள். கத்தி அடக்க வலுவில்லை. நீண்ட விரிவுரை ஆற்ற இயலாது. ஆசிரியத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான் என்று பலரும் எண்ணியிருப்பர்.

அவரோ பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். நெசவுக்காரரின் தறியையும், தச்சரின் பட்டறையையும், வயல் வேலையையும் காணச் செய்தார். வழியெல்லாம் பிள்ளைகளின் கண்களில் ஒளி! ஆயிரம் கேள்விகள்! வகுப்புக்குத் திரும்பிப் பாடநூலைத் திறந்தவுடன் அந்த ஒளி அணைந்துவிடும். யாரோ, எங்கோ, யாருக்கோ எழுதிய வாக்கியங்கள்; அவற்றில் அப்பிள்ளைகளின் ஊரும் இல்லை, உயிரும் இல்லை.

அவ்வகுப்பில் யோசேப்பு என்றொரு சிறுவன் இருந்தான். பாடத்தில் நாட்டமில்லை, பூச்சிகளிலும் நத்தைகளிலும் உயிரையே வைத்திருந்தான். ஒருநாள் வகுப்பில் நத்தைகளை ஓடவிட்டுப் பந்தயம் நடந்தது. எந்த நத்தை முந்தும் என்று ஒரே ஆரவாரம்! மற்றோர் ஆசிரியராயின் பிரம்பை எடுத்திருப்பார். ஃபிரெனே சுண்ணக்கட்டியை எடுத்தார். பிள்ளைகள் சொல்லச் சொல்ல அப்பந்தயத்தின் கதையைக் கரும்பலகையில் எழுதினார். அன்று அவர்கள் படிப்பதற்குத் தயங்கவில்லை, தங்கள் கதையல்லவா? ஆனால் கரும்பலகை அடுத்த பாடத்திற்கு வேண்டும். துடைப்பான் ஒருமுறை போய்வந்தால் நத்தைகளும் போயின, கதையும் போயிற்று. அழியாமற் காக்க வழி என்ன?

ஈயத்திற் கோத்த சொற்கள்

1924 வாக்கில் அவர் ஒரு சிறு கையச்சுப் பொறியை வாங்கி வகுப்பறையில் வைத்தார். அன்றைய உலகில் அச்சுப்பொறி பெரியவர்களின் உடைமை. அச்சிற் கண்ட சொல்லுக்குத் தனி மதிப்பு. அந்த மதிப்பைக் குடியானவன் மகனின் சொல்லுக்கும் கொடுத்ததுதான் அவர் செய்த புரட்சி.

அச்சின் அருமையை நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் இயேசு சபைக் குருவான என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்துகளில் அச்சிட்டார். முத்துக்குளித்துறை மக்களின் மொழி ஈயத்தில் வார்க்கப்பட்ட அந்நாள், அம்மொழிக்கு மதிப்புக் கூடிய நாள். பார்-சுர்-லூவின் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது.

அவ்வகுப்பு நடந்த முறையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இன்றைய கணினி வகுப்புக்கும் அதுவே உரைகல். யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தலைப்பை ஆசிரியர் கொடுப்பதில்லை. எழுதியவர்கள் வகுப்பின் முன் நின்று படிப்பார்கள். எதை அச்சிடுவது என்று பிள்ளைகளே கைதூக்கித் தெரிந்தெடுப்பார்கள். தெரிந்தெடுத்ததைக் கரும்பலகையில் எழுதி, அனைவரும் சேர்ந்து திருத்துவார்கள். ஆனால் எழுதியவனின் கருத்தை மாற்றமாட்டார்கள். இலக்கணம் அப்போதுதான் வரும். தண்டனையாக வராது; தன் சொல் பிறருக்குத் தெளிவாகப் புரியவேண்டும் என்ற ஆவலின் துணையாக வரும்.

பிறகு அச்சுக்கோப்பு. நம் ஊர் அச்சகங்களில் முன்னாளில் கம்பாசிட்டர் செய்த அதே வேலை. இடவலமாகத் திரும்பிய ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒருவன் ஒரு வரி, இன்னொருவன் ஒரு வரி என்று கோப்பார்கள். ஓர் எழுத்துத் தவறினாலும் பக்கம் முழுதும் கெடும். எனவே எழுத்துப்பிழை தானே கண்ணிற் படும். ஒருவன் மை உருளையை ஓட்ட, ஒருவன் தாளை வைக்க, ஒருவன் அழுத்த, ஒருவன் உலர்த்த, வகுப்பே ஒரு பட்டறையாகிவிடும். மந்தமானவன் என்று பெயரெடுத்தவனுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. அச்சான தாளில் ஒன்று ஒவ்வொரு பிள்ளையின் தொகுப்பிலும் சேரும். அதற்கு ‘வாழ்க்கைப் புத்தகம்’ என்று பெயர். 1926-இல் ஃபிரெனேயை மணந்த எலீஸ் அம்மையார் தேர்ந்த ஓவியர், மரச்செதுக்கிலும் வல்லவர். பிள்ளைகள் லினோலியத் தகட்டைச் செதுக்கிப் படங்களும் அச்சிட்டார்கள்.

மற்றப் படிகள் எங்கே சென்றன? பிரான்சின் மறுகோடியில், அட்லாண்டிக் கடலோரத்தில், பிரித்தானி நாட்டின் திரேகன் என்ற ஊரில் ரெனே தானியேல் என்ற ஆசிரியரும் இவ்வாறே அச்சுப் பொறி வைத்துப் பாடம் நடத்தினார். இரு பள்ளிகளும் தாள்களைப் பரிமாறிக்கொண்டன. மலைப்பிள்ளைகளின் கதை கடலுக்குப் போயிற்று; கடற்பிள்ளைகளின் கதை மலைக்கு வந்தது. எண்ணிப் பாருங்கள்: ஆரஞ்சுப் பூப் பறிப்பதைப் பற்றி எழுதும் சிறுவன், அம்மரத்தையே கண்டிராத ஒருவன் அதைப் படிக்கப் போகிறான் என்று அறிந்து எழுதுகிறான். ‘இவனுக்கு எப்படி விளங்கவைப்பேன்?’ என்ற கேள்வி அவன் உள்ளத்தில் எழுகிறது. மதிப்பெண்ணுக்காக எழுதுகிறவனுக்கு இக்கேள்வி எழுவதில்லை. தனக்கென்று ஒரு வாசகன் இருப்பதை அறிந்தவனுக்குத்தான் எழும்.

அச்சோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1920-களின் இறுதியிலேயே ஃபிரெனேயும் அவரைப் பின்பற்றிய ஆசிரியர்களும் ‘பாதே-பேபி’ என்ற சிறு திரைப்படக் கருவியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். பின்னர் ஒலிநாடா வந்தபோது பிள்ளைகள் குரல் கடிதங்கள் அனுப்பினார்கள். 1980-களில் மினிடெல் என்னும் தொலைத்தொடர்புத் திரையும், பிறகு கணினியும் அதே பணிக்கு வந்தன. கருவிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன; பிள்ளை சொல்வதும், இன்னொரு பிள்ளை கேட்பதும் நிலைத்தன.

சுவரொட்டியில் ஒரு கனவு

மாலையில் வான்ஸுக்குத் திரும்பும் வழியில் சேன்-போல் என்ற ஊரில் இறங்கினோம். மதிலுக்குள் அடங்கிய அழகிய சிற்றூர். கல் பாவிய சந்துகள், ஓவியக் கடைகள், உல்லாசப் பயணிகளின் நெரிசல். 1985-இல் மறைந்த ஷகால் இவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே துயில்கிறார். 1928-இல் ஃபிரெனே தம் அச்சுப்பொறியோடு இங்கே மாற்றலாகி வந்தார். அவர் வந்தபோது இது ஓர் ஏழைப் பள்ளி. வேண்டிய வசதிகளுக்காக ஊர் நிர்வாகத்தோடு ஓயாமற் போராட வேண்டியிருந்தது.

வந்தது சோதனை. ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதினான்: பள்ளிக்கு வேண்டியதைக் கொடுக்க மறுத்த ஊர்த்தலைவரை எதிர்த்து வகுப்பே கிளம்பியதாகவும், தான் கத்தியால் அவரைக் கொன்றுவிட்டதாகவும் கனவு! வகுப்பு அதை அச்சிட்டது. 1932 டிசம்பரில் ஒரு காலை, அவ்வெழுத்து சுவரொட்டியாக ஊர்ச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர்கள் பிள்ளைகள் அல்லர். ஆசிரியரை வெளியேற்ற விரும்பிய பெரியவர்கள். “பாருங்கள், இந்த ஆசிரியர் நம் பிள்ளைகளுக்குக் கொலை கற்பிக்கிறார்!” என்ற கூக்குரல் எழுந்தது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1926-இலேயே கண்டித்திருந்த ‘ஆக்ஸியோன் பிரான்சேஸ்’ இயக்கத்தின் நாளேட்டில் ஷார்ல் மோராஸும் எழுதினார். 1933 ஏப்ரலில் கூட்டம் ஒன்று பள்ளியைச் சூழ்ந்துகொண்டது. ஆசிரியர் கைத்துப்பாக்கியோடு வெளியே வந்து நிற்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அவ்வாண்டே அவருக்கு மாற்றல் ஆணை வந்தது. அவர் அதை ஏற்காமல் அரசுப் பள்ளியை விட்டு நீங்கினார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லவேண்டும். ஃபிரெனே நம் திருச்சபையின் வழியில் நடந்தவர் அல்லர். அந்நாளிற் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய கொள்கைகள் யாவும் எனக்கு உடன்பாடு அல்ல. அந்தக் கனவை அச்சிட்டது விவேகமா என்று கேட்டால், நானும் தயங்குவேன். ஆயினும் சேன்-போல் மதிலோரத்தில் நின்று என் தோழர் இக்கதையைச் சொல்லி முடித்தபோது, நான் ஆசிரியரின் பக்கத்திலும் நிற்கவில்லை, சுவரொட்டி ஒட்டியவர்களின் பக்கத்திலும் நிற்கவில்லை. என் எண்ணம் கடல் கடந்து என் பள்ளிக்குப் போய்விட்டது.

எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்காகத் தமிழாசிரியை ஒருவர் மாணவர்களுக்குக் கைப்பேசியிற் கதை சொல்லப் பயிற்சி அளித்தார். சில நிழற்படங்கள், சொந்தக் குரல், மூன்று நிமிடம், அவ்வளவே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1990-களில் ஜோ லாம்பர்ட், டேனா ஆச்லி முதலியோர் வளர்த்த முறை அது. ‘டிஜிட்டல் கதைசொல்லல்’ என்கிறார்கள். கதையைத் திரையிற் செய்யுமுன், அனைவரும் வட்டமாக அமர்ந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்பது அதன் முதற்படி. எங்கள் பிள்ளைகள் பன்னிருவர் கதை செய்தார்கள். விழாவுக்கு முன்னர் தாளாளர் என்ற முறையில் நான் பார்வையிட்டேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கதையை மட்டும் நீக்கச் சொன்னேன். அதில் இருந்தது ஒரு வீட்டின் துயரம். அதற்குமேல் இங்கே எழுதமாட்டேன். ‘இதை மேடையிற் போட்டால் ஊர் என்ன சொல்லும்?’ என்பதே என் கவலை. அவனை அழைத்து, “மரம் வளர்ப்பதைப் பற்றி ஒன்று செய்து கொடு” என்றேன். அவன் தலை குனிந்தபடி, “சரிங்க சாமி” என்றான். மரம் வளர்ப்பதைப் பற்றிச் செய்தும் கொடுத்தான். கைதட்டலும் கிடைத்தது.

மேடையிற் போடாதது தவறன்று என்று இன்றும் நினைக்கிறேன். தவறு வேறிடத்தில் நிகழ்ந்தது. அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்து முடித்தபின், அவனிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

கம்பிக் கதவுக்கு வெளியே

கடைசி நாள் வான்ஸில், பியூலியே என்ற பகுதிக்குச் சென்றோம். அரசுப் பள்ளியை விட்டு நீங்கிய ஃபிரெனே இங்கே ஒரு மலைச்சரிவை வாங்கி, மனைவியோடும் பிள்ளைகளோடும் தோழர்களோடும் உழைத்து, 1935-இல் சொந்தப் பள்ளியைத் திறந்தார். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் அகதிகளான சிறுவர்கள் இங்கே புகலிடம் பெற்றனர். 1940-இல் ஃபிரெனே கைது செய்யப்பட்டு, 1941 வரை முகாம்களில் அடைபட்டிருந்தார். போருக்குப் பின் பள்ளி மீண்டும் உயிர் பெற்றது. 1949-இல் அவருடைய வரலாற்றைத் தழுவித் திரைப்படமும் வந்தது. 1966-இல் வான்ஸிலேயே இறந்தார். தாம் பிறந்த கார்ஸ் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எலீஸ் அம்மையார் 1983 வரை வாழ்ந்தார். 1991-இல் அரசு இப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. முன்னர் வெளியேற்றிய அதே கல்வித் துறை! நாட்டின் பண்பாட்டுச் சின்னங்களின் பட்டியலிலும் இன்று இது இடம் பெற்றிருக்கிறது. இதற்கிடையே, பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தித்தாள், வானொலி, திரை ஆகியவற்றைப் படிக்கவும் படைக்கவும் கற்பிப்பதற்கென்றே பிரான்சின் கல்வி அமைச்சகம் 1983-இல் ‘கிளெமி’ என்ற அமைப்பை நிறுவியிருந்தது.

கோடை விடுமுறையாதலால் பள்ளி மூடியிருந்தது. வாயிலுக்கு வெளியே நின்றே பார்த்தோம். மரங்களுக்கிடையே தாழ்வான கட்டடங்கள், மாளிகை எதுவுமில்லை. வெட்டுக்கிளிகளின் ஓயாத இரைச்சல். இதைக் காணவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. பிறகு என் தோழர், ஃபிரெனே முறையில் நடக்கும் வகுப்புகளின் சுவரில் ஒட்டப்படும் ஒரு தாளைப் பற்றிச் சொன்னார். வாரம் முழுதும் அதிற் பிள்ளைகள் எழுதுவார்கள்: குறை கூறல் ஒரு பத்தி, பாராட்டு ஒரு பத்தி, வேண்டுகோள் ஒரு பத்தி, செய்து முடித்தவை ஒரு பத்தி. பெயரிடாமல் எழுதக் கூடாது. வார இறுதியில் அனைவரும் கூடி ஒவ்வொன்றாகப் பேசித் தீர்ப்பார்கள். ஆசிரியர் மீதும் குறை எழுதலாம்!

“எழுதப்படாத குறை, வீட்டுக்குள் அடைத்த புகை” என்றார் தோழர். “ஆனால் ஒன்றைக் கவனி. அந்தத் தாள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. தெருச் சுவரில் இல்லை. தெருச் சுவருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை நேற்றுப் பார்த்தாயே.”

அவருடைய சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. இக்காலத்துக் கருவிகளில் நமக்குள்ள பேராபத்து இதுவன்றோ? ஃபிரெனேயின் பிள்ளைகளுக்கு வாசகர் யார் என்று தெரியும்: தன் வகுப்பு, தன் பெற்றோர், தொலைவில் ஒரு தோழமைப் பள்ளி. அவர்கள் பதில் எழுதுவார்கள். இன்று ஒரு பிள்ளையின் முகமும் குரலும் கண்ணீரும் ஒரு விரல் அழுத்தத்தில் முன்பின் அறியாத ஆயிரம் பேரிடம் போய்விடுகின்றன. அவர்கள் கேட்பதில்லை, பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். சேன்-போலில் சுவரொட்டி ஒட்ட ஓர் இரவும் ஒரு வாளிப் பசையும் தேவைப்பட்டன. இன்று அவையும் தேவையில்லை. ஆகவே பிள்ளைக்குக் கருவியைக் கொடுக்கிற நாம், அதோடு ஒரு நல்ல வாசகரையும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த முதல் வாசகர் நாமே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு, இதயத்தின் செவியால் கேட்பதையே பொருளாகத் தந்தார். பேசுவதைப் பற்றியல்ல, கேட்பதைப் பற்றி! எருசலேம் ஆலயத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய ஆண்டவர் போதகர்களின் நடுவே அமர்ந்திருந்த காட்சியை நாம் செபமாலையில் தியானிக்கிறோம். அச்சிறுவரின் அறிவை வியக்கிறோம். அந்த முதிய போதகர்கள் ஒரு சிறுவரின் கேள்விகளுக்கு இடங்கொடுத்து அமர்ந்திருந்தார்களே, அந்தப் பெருந்தன்மையை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. வான்ஸின் மூடிய கதவுக்கு வெளியே நின்றபோதுதான் எண்ணினேன்.

துடைக்கப்பட்ட பலகை

ஊர் திரும்பிய வாரத்தில் அந்த மாணவனை அழைத்தேன். வாசகர்களுக்கு ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன்: அவனுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பின்பே, அவனை இனங்காட்டும் எதையும் கூறாமல் இதை எழுதுகிறேன்.

“தம்பி, நீ முதலில் ஒரு கதை செய்தாயே, அதை எனக்கு மறுபடி காட்டுவாயா?”

“இல்லீங்க சாமி. அன்னைக்கே அழிச்சிட்டேன்.”

கரும்பலகையின் துடைப்பான் என் கையில் இருந்ததை அப்போது உணர்ந்தேன். நூறாண்டுகளுக்கு முன் நோயாளியான ஓர் ஆசிரியர் நத்தைகளின் கதை அழிந்துவிடக் கூடாதே என்று அச்சுப்பொறி வாங்கினார். பொறி ஏதும் வாங்கத் தேவையில்லாத காலத்தில் வாழும் நான், ஒரு பிள்ளையின் கதை அழியக் காரணமானேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் திகைத்தான், தாளாளர் சாமி மன்னிப்புக் கேட்பதை அவன் எங்கே கண்டான்? சற்று நேரம் கழித்து, “படம் வேண்டாம் சாமி. சொல்றேன், கேக்குறீங்களா?” என்றான்.

கேட்டேன். மூன்று நிமிடக் கதை முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் அறிவுரை சொல்ல என் நா பலமுறை துடித்தது, அடக்கிக்கொண்டேன். முடிவில், “இதை வேறு யாராவது கேட்க வேண்டும் என்று விரும்புகிறாயா?” என்று கேட்டேன். ஒரே ஒருவரின் பெயரைச் சொன்னான். அவருக்காகவே அக்கதையை அவன் மறுபடியும் செய்தான். அதை அவர் பார்த்தார். அதன்பின் அவ்வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அது அவனுடைய கதை.

எங்கள் பள்ளியில் இப்போது கதை வகுப்பு வேறு விதமாக நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் வட்டமாக அமர்கிறார்கள். கைப்பேசிகள் மேசை மேல் இருக்கின்றன. முதலில் வாயாற் சொல்கிறார்கள், பிறர் கேட்கிறார்கள். எதைப் படமாக்குவது, யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டக் கூடாது என்பதைச் சொன்ன பிள்ளையே முடிவு செய்கிறது. மலைப்பகுதியிலுள்ள ஒரு பங்குப் பள்ளியோடு கதைகளைப் பரிமாறத் தொடங்கியிருக்கிறோம். சென்ற மாதம் அங்கிருந்து வந்த கதையில் ஒரு சிறுமி அட்டை கடித்ததைப் பற்றிச் சொல்லியிருந்தாள். எங்கள் பிள்ளைகள் எழுதி அனுப்பிய கேள்விகள் நாற்பத்தொன்று!

பெற்றோர்களே, அச்சுப்பொறியும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், உங்கள் பிள்ளை தன் நாளைப் பற்றிச் சொல்வதைத் திருத்தாமல், குறுக்கிடாமல் கேட்டுப் பாருங்கள். நத்தையைப் பற்றித்தான் சொல்லும். பொறுமையோடு இருங்கள், நத்தை மெதுவாகத்தான் வரும்.